கோபுரத்தை வெட்டினால் தொப்பி உயருமா?

மேற்குக்காற்று:
போன ஜூலையில் பிரான்சின் மேற்கு முனையான பிரெத்தாஞ் பக்கம் போயிருந்தேன். பொன் லாபே என்ற சின்ன ஊரில் பூத்தையல் விழா. வெள்ளை லேஸில் ஒன்றரைச் சாண் உயரத்துக்குக் குழாய் மாதிரி ஒன்றைத் தலையில் செருகிக்கொண்டு பெண்கள் ஊர்வலம் போனார்கள். இந்தத் தலையணிக்கு குவாஃப் என்று பெயர். இந்த வட்டாரத்தின் பெயர் பிகூடென்.

அங்கே ஒருவர் சொன்ன கதை இது. 1675-இல் பதினான்காம் லூயி போட்ட முத்திரைத்தாள் வரியை எதிர்த்துக் குடியானவர்கள் சிவப்புத் தொப்பியோடு கிளம்பினார்கள். கலகத்தை அடக்க வந்த ஷோன் பிரபு, ஆள் திரட்ட மணியடித்த தேவாலயங்களின் கோபுரங்களை வெட்டச் சொன்னார். வெட்டின கோபுரத்தை நாங்கள் தலையில் சுமக்கிறோம் பார் என்று பெண்கள் குவாஃபை உயர்த்தினார்களாம். எனக்குப் புல்லரித்துவிட்டது.

சந்தேகப்பிராணி:
புல்லரித்தது அடங்கட்டும், பேசுவோம். கலகம் நிஜம், கோபுரம் வெட்டியதும் நிஜம். பொன் லாபேயிலேயே லாம்பூர் தேவாலயம் இன்றும் மொட்டையாகத்தான் நிற்கிறது. ஆனால் 1900 வாக்கில் வந்த அஞ்சலட்டைப் படங்களைப் பாருங்கள். அதே பிகூடென் பெண்கள்தான், குவாஃப் மட்டும் உச்சந்தலையில் குட்டியாக உட்கார்ந்திருக்கும். அது மளமளவென்று வளர்ந்தது முதல் உலகப் போருக்குப் பிறகு. லூயி செத்தது 1715-இல். ராஜா செத்து இருநூறு வருஷம் கழித்தா இவர்களுக்கு ரோஷம் வந்தது?

பிரான்சில் 'பாரம்பரிய உடை' என்று காட்டுவதில் பாதி இப்படித்தான். கிழக்கே ஜெர்மனி எல்லையில் இருக்கிற அல்சாஸ் மாகாணம் என்றாலே எல்லாருக்கும் நினைவுக்கு வரும், பெண்கள் தலையில் கட்டும் அந்தப் பெரிய கறுப்பு ரிப்பன், அங்கே ஸ்திராஸ்பூர் நகரத்துப் பக்கத்துச் சில கிராமங்களின் சமாச்சாரம். 1871-இல் ஜெர்மனி அல்சாஸைப் பிடித்துக்கொண்டதும், இழந்த மண்ணின் அடையாளமாக அதைப் படங்களில் போட்டுப் போட்டு மாகாணம் முழுவதற்கும் பொதுவாக்கிவிட்டார்கள். தெற்கே புரோவென்ஸ் வட்டாரத்து ஆர்ல் நகரத்தில் 1930-இலிருந்து ஒரு 'ராணி'யைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, உடையும் தெரிந்திருக்க வேண்டும், புரோவென்ஸ் மொழியும் பேச வேண்டும். நல்ல ஏற்பாடுதான். பாரம்பரியமா? என் பாட்டி அதைவிட வயதில் மூத்தவர்.

ரயில்பெட்டி:
இவர் ஒருவர் போதும், பொங்கல் பானையையும் பொய் என்பார் :)

ஊசிமுனை:
சந்தேகப்பிராணி சொன்ன தேதியில் தப்பில்லை. பதினோரு வருடமாக பொன் லாபேக்குப் பக்கத்து நகரமான கேம்பேரில் இருக்கிறேன், ஊர்க் கலைக்குழுவில் தையல் கற்றுக்கொள்கிறேன். அந்தக் கோபுரக் கதையை இங்கே வயதானவர்களே சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். ஆனால் தேதி புதிது, அதனால் போலி என்று நீங்கள் தாவுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

1902-ஐ ஒட்டி இந்தக் கரையில் மத்தி மீன் வராமல் போனது. மீனவர் குடும்பங்கள் பட்டினி. அப்போது ஐரிஷ் குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் பின்னும் லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்து, அதை விற்றுப் பெண்கள் அடுப்பு எரித்தார்கள். பக்கத்து ஊர் கொங்கார்னோவில் 1905-இல் தொடங்கிய 'நீல வலை' விழாவும் அந்தக் குடும்பங்களுக்குப் பணம் திரட்டத்தான். ஆக, இந்தப் பக்கத்து லேஸ் வேலையில் அயர்லாந்தும் இருக்கிறது, பசியும் இருக்கிறது. ராஜா மட்டும்தான் இல்லை.

வளர்ந்தது ஏன் என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரியைவிட ஒரு விரல் கூட வேண்டும் என்பதுதான் நான் கேள்விப்பட்ட காரணம். நம் ஊரில் புடவைக்கு ஜரிகை அகலமானது யாருடைய கலகத்தால்?

சந்தேகப்பிராணி:
சரி, பசிக் கதையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு? ஜூலையில் பெட்டியைத் திறந்து எடுத்து, ஆகஸ்டில் திரும்ப மடித்து வைக்கிற துணி. மேடை, ஒலிபெருக்கி, நுழைவுச்சீட்டு. இதை வழக்கம் என்பதா, வேஷம் என்பதா?

ஊசிமுனை:
தினமும் கட்டுகிறவர்கள் இல்லை, உண்மை. கடைசித் தலைமுறையும் போய்விட்டது. ஆனால் அது வேஷமாக இருந்த காலம் ரொம்பக் குறைவு, வேலைநாள் துணியாக இருந்த காலம்தான் அதிகம். சந்தைக்கும் வயலுக்கும் மீன் பதனிடும் ஆலைக்கும் அதோடுதான் போனார்கள்.

கட்டுவதை ஒரு தடவை கிட்டே இருந்து பார்த்தேன். முடியை முழுக்க மேலே வாரி, பின்தலைக் குல்லாயின் மேல் ஏற்றிச் சீப்பால் நிறுத்துகிறார்கள். அதன்மேல் கறுப்பு வெல்வெட் நாடா. அப்புறம்தான் கஞ்சி போட்டு அட்டைபோல விறைத்த லேஸ். அதை நிமிர்த்தி ஊசி குத்தும்போது கட்டிவிடுகிற அம்மாள் வாயில் நாலு ஊசி, பேச்சே கிடையாது. எனக்கு முக்கால் மணி நேரம் கழுத்து வலித்தது, பார்த்ததற்கே. விழா முடிந்து அந்தப் பெண் காரில் ஏறும்போது தலையைத் தோளோடு சாய்த்துத்தான் உள்ளே போனாள்.

இன்னொன்று, யாருமே இங்கே எழுதாதது. ஆண்கள் மேல்சட்டையில் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பட்டு நூலில் மயிலிறகு போட்டிருக்கும் அல்லவா, அதைத் தைத்தவர்கள் ஆண்கள். பூத்தையல் இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஆண் தையற்காரர் தொழிலாக இருந்தது.

மேற்குக்காற்று:
மயிலிறகா! நான் அதைக் கண் என்று நினைத்துப் படம் எடுத்தேன். ஆனாலும் அக்கா, எதிர்ப்புக் கதை போனதில் எனக்கு வருத்தம்தான்.

ஊசிமுனை:
எதிர்ப்பு வேண்டுமென்றால் துவார்னனேக்குப் போங்கள் தம்பி. கேம்பேரிலிருந்து அரை மணிப் பயணம். அங்கே குவாஃப் சின்னது, முடி மீனில் விழாதபடி தலையோடு ஒட்டி இருக்கும். அந்த ஆலைப் பெண்களுக்கே 'பென் சார்தின்', மத்தித் தலை என்று பெயர். 1924 நவம்பரில் வேலையை நிறுத்தினார்கள். மணிக்கு 80 சென்டைம் கூலி (நூறு சென்டைம் ஒரு பிராங்க்), கேட்டது 1 பிராங்க் 25. பிரெத்தோன் மொழியில் 'பெம்ப் ரேயால் ஆ வோ', ஐந்து ரேயால் ஆகும் (ஒரு ரேயால் 25 சென்டைம்), என்று கோஷம் போட்டுத் தெருவில் நடந்தார்கள். ஆறு வாரம் தாண்டி, 1925 ஜனவரியில் 1 பிராங்க் கிடைத்தது. கோர்த்த கையோடு அவர்கள் நடக்கும் படங்கள் இருக்கின்றன, எல்லாத் தலையிலும் அந்தச் சின்னக் குவாஃப்.

சந்தேகப்பிராணி:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் பாருங்கள், அஞ்சலட்டையில் விற்பது ஒன்றரைச் சாண் குவாஃப். போராடிய தொப்பியை யார் வாங்குகிறார்கள்?

ஊசிமுனை:
அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் என் மாமியாருக்கு அனுப்பியதும் உயரமானதுதான்.