லூக்கா 16: உக்கிராணக்காரன் செய்தது களவா? அடிக்குறிப்பை நம்பலாமா?

கல்லடி வாசகி:
எங்கள் வேதபாட வகுப்பில், லூக்கா நற்செய்தியில் இயேசு சொல்லும் உக்கிராணக்காரன் உவமை (16:1–9) பெரிய வாக்குவாதமாகிவிட்டது. உக்கிராணக்காரன் என்றால் எஜமானின் ஆஸ்தியை மேற்பார்ப்பவன். வேலை பறிபோகும் என்று அறிந்த அவன், எஜமானின் கடன்காரரை அழைத்து, நூறு குடம் எண்ணெயை ஐம்பது என்றும் நூறு கலம் கோதுமையை எண்பது என்றும் எழுதச் சொல்கிறான். எஜமானோ அவனை மெச்சுகிறான். என் ஸ்டடி பைபிளின் அடிக்குறிப்பு இப்படி விளக்குகிறது: அவன் தள்ளிவிட்டது தன்னுடைய தரகை, அல்லது மோசேயின் சட்டம் (யாத்திராகமம் 22:25) விலக்கிய வட்டியை. அப்படியானால் இயேசு களவைப் புகழவில்லை. இத்தகைய குறிப்புகளைச் சிலர் ஏன் வெறுக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

செங்கலடி விவசாயி:
தங்கச்சி, நான் வெறுக்கவில்லை. வசனத்தில் இல்லாததைக் குறிப்பு சொல்லும்போதுதான் கேட்கிறேன். தரகு எங்கே? வட்டி எங்கே? "என் எஜமானிடத்தில் பட்ட கடன்" என்றுதான் ஐந்தாம் வசனத்தில் அவனே சொல்கிறான். வட்டி விளக்கத்தை 1961இல் டங்கன் டெரெட் என்ற சட்ட அறிஞர் விரிவாக வாதிட்டார். நல்ல ஊகம், ஆனாலும் ஊகம்.

எங்கள் பக்கத்தில் போடியாரின், அதாவது பெரிய நிலக்காரரின், வயலை மேற்பார்க்கும் முல்லைக்காரரை எண்ணிப் பாருங்கள். போடியாருக்கு வரவேண்டிய நெல்லை அவர் குறைத்து எழுதினால் அது களவு. ஆனால் நாளை அவர் வேலையிழந்து நின்றால் சோறு போட நாலு வீடு இருக்கும். நாலாம் வசனம் இதையேதான் சொல்கிறது. இந்தக் கதை கேட்பவரை உறுத்தவேண்டும். குறிப்பு அந்த உறுத்தலையே நீக்கிவிடுகிறது.

கல்லடி வாசகி:
அண்ணா, போடியாரைக் கொண்டுவந்ததும் ஒரு விளக்கவுரைதானே? அச்சில் இல்லை, அவ்வளவுதான். நம் வயலிலிருந்து பார்ப்பது சரி, மோசேயின் சட்டத்திலிருந்து பார்ப்பது பிழையா? நூறு குடம் எண்ணெய் ஏறத்தாழ 3,000 லீற்றர் என்பதையும் குறிப்புத்தான் சொன்னது. அதை அறியாதவர், கைமாற்று வாங்கிய ஏழைகளின் கதை என்று எண்ணிவிடுவார். எட்டாம் வசனத்தில் அவனுக்கு வரும் "அநீதியுள்ள" என்ற பெயர்கூட, முதல் வசனத்தில் ஆஸ்தியை அழித்ததற்காக வந்திருக்கலாம்.

கல்முனை ஆசிரியர்:
ஒன்பதாம் வசனத்தோடு ஏன் நிறுத்துகிறீர்கள்? முந்தைய அதிகாரத்தின் கெட்ட குமாரன் கதையில் இளைய மகன் ஆஸ்தியை அழிக்கிறான். உக்கிராணக்காரன் மேலும் அதே குற்றச்சாட்டு. தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் சேர்ந்து ஊழியம் செய்ய முடியாது என்கிறது 13ஆம் வசனம். அடுத்த வசனத்திலேயே பொருளாசைக்காரரான பரிசேயர் என்ற யூத சமயக் குழுவினர் பரியாசம் செய்கிறார்கள். பணத்தைப் பிறருக்குக் கொடுத்து நண்பரைத் தேடு என்ற சொல்தான் அவர்களைச் சுட்டது. அளவுக்கும் சட்டத்துக்கும் குறிப்பை நம்புவேன். கதையின் நோக்கத்தை லூக்காவிடம்தான் கேட்பேன். முதலில் பதினான்கு வசனங்களையும் உரக்க வாசியுங்கள், பிறகு பக்கத்தின் அடியைப் பாருங்கள்.

கல்லடி வாசகி:
ஐயா, சட்டம் தெரியாமல் நோக்கம் எப்படித் தெரியும்? வட்டியை விட்டுக்கொடுப்பதும் பணத்தைக் கைவிடுவதுதான். பொருளாசைக்காரருக்கு அதுவும் கசந்திருக்கும்.

செங்கலடி விவசாயி:
கசந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் "என் எஜமானிடத்தில்" என்ற ஐந்தாம் வசனத்துக்கு நீங்களும் பதில் தரவில்லை, உங்கள் குறிப்பும் தரவில்லை.