ஊரடங்கைத் தளர்த்தும்போது எதை முதலில் திறப்பது, எந்த எண்ணைப் பார்த்து?

தென்பெண்ணை கேட்டது:

மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் தொற்றுநோய்ப் பகுதியைத் திருத்தி எழுதும் வேலை. பழைய வரைவில் "பொதுச் சுகாதாரத்தையும் பொருளாதாரத்தையும் கருத்தில்கொண்டு படிப்படியாகத் தளர்வுகள் அளிக்கப்படும்" என்று ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. நாளைக்கு ஓர் ஆட்சியர் இதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? சலூனைத் திறப்பாரா, சாயப்பட்டறையைத் திறப்பாரா?

2020, 2021 கொரோனா காலத் தமிழ்நாட்டு அனுபவத்தை வைத்து மூன்று விஷயம் வேண்டும். திறக்கவும் மறுபடி மூடவும் எந்த எண்ணைப் பார்ப்பது? ஒரு தளர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நாள் விடுவது? எந்தத் தொழில் முதலில்? "உயிரா, பிழைப்பா" பட்டிமன்றம் வேண்டாம். அது போதுமான அளவு நடந்துவிட்டது.

தொற்றுக்கணக்கு:

முதலில் நாள் கணக்கு. கொரோனாவின் ஆரம்ப வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று தொற்றியவருக்கு அறிகுறி வர சுமார் 5 நாள். பரிசோதனை, முடிவு என்று இன்னும் 2, 3 நாள். மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு வர, தொற்றிய நாளிலிருந்து ஏறத்தாழ 12 நாள். இறப்புகள் மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் கணக்கில் தெரியும். அதாவது திங்கட்கிழமை திறந்துவிட்டு அடுத்த திங்கட்கிழமை "ஒன்றும் ஆகவில்லையே" என்று பார்ப்பது, திறப்பதற்கு முந்தைய வாரத்தைப் பார்ப்பதுதான்.

ஒரு மாதிரி மாவட்டம் வைத்துக்கொள்வோம். தினம் 200 புதுத் தொற்று, அதில் பத்தில் ஒருவருக்கு ஆக்சிஜன், ஒருவர் சராசரியாக 8 நாள் படுக்கையில். 20 பேரை 8 நாளால் பெருக்கினால் எந்த நேரமும் 160 படுக்கை நிரம்பியிருக்கும். மொத்தம் 400 இருந்தால் 40 சதவீதம். "பாதிக்கு மேல் காலி" என்று செய்திக்குறிப்பு போகும்.

இப்போது தளர்த்துகிறோம், ஒருவர் சராசரியாக 1.3 பேருக்குப் பரப்புகிறார், தலைமுறை இடைவெளி (ஒருவருக்குத் தொற்றியதிலிருந்து அவர் அடுத்தவருக்குத் தொற்றவைக்கும் வரை) 5 நாள். தொற்று 13 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். பிசகு தெரிந்து கூட்டம் போட்டு ஆணை பிறப்பிக்க 5 நாள், அதற்கு முன்பே தொற்றியவர்கள் வந்து படுக்க 12 நாள். இந்த 17 நாளில் படுக்கைத் தேவை 2.4 மடங்காகிறது. 160 என்பது 390. அதனால்தான் தளர்வை நிறுத்தும் கோடு 40 சதவீதத்தில் இருக்க வேண்டும், 80இல் அல்ல. பரவல் 1.6 ஆக இருந்தால் அதே 17 நாளில் ஏறத்தாழ 5 மடங்கு. அப்போது கோடு 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 2021 ஏப்ரல் கடைசியில் கட்டுப்பாடு போட மத்திய உள்துறை சொன்ன அளவு, ஒரு வாரத் தொற்று உறுதி விகிதம் (நூறு பரிசோதனையில் எத்தனை தொற்று) 10 சதவீதம் அல்லது படுக்கை நிரம்பல் 60 சதவீதம். வேகமாகப் பரவும் வகைக்கு அந்த 60 மிகவும் தாமதம் என்பது என் கருத்து.

இரண்டு தளர்வுகளுக்கு நடுவே 14 நாளுக்குக் குறையக் கூடாது. 21 நல்லது. தமிழ்நாட்டில் 2021 ஜூன் 7, 14, 21 என்று வாராவாரம் தளர்வு வந்தது. கெடுதல் வரவில்லை, உண்மைதான். ஆனால் அப்போது எடுத்த ஐசிஎம்ஆரின் நான்காவது ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில் நாட்டில் 67.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்புப் புரதம் இருந்தது. அது வாராவாரத் திட்டத்தின் சாமர்த்தியம் இல்லை. யாருக்கும் எதிர்ப்பு இல்லாத புதுக் கிருமிக்கு அதே அட்டவணையை எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஏலக்கடை:

மேலே உள்ளவர் நாளைச் சொன்னார். நான் மணியைச் சொல்கிறேன்.

கடையை 12 மணி நேரத்திலிருந்து 4 மணி நேரமாகக் குறைத்தால் தொற்று குறையும் என்று எல்லா ஆணையிலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு மளிகைக் கடைக்கு நாளுக்கு 300 பேர், ஆளுக்கு 10 நிமிடம். 12 மணி நேரம் திறந்திருந்தால் உள்ளே சராசரியாக 4 பேர். 4 மணி நேரம் என்றால் 12, 13 பேர். அரிசி, பருப்பு வாங்க வேண்டியவர் எப்படியும் வருவார். ஊர் சுற்ற வருகிறவரைத் தடுக்கத்தான் நேரக் குறைப்பு உதவும்.

மூடுவதற்கு முந்தைய நாள் இன்னொரு பொறி. சென்னை, கோவை, மதுரைக்கு 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். 25ஆம் தேதி கடைத்தெரு எப்படி இருந்தது என்று எல்லோரும் பார்த்தோம். கோயம்பேட்டில் கொத்தாகத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு அடுத்த நாட்களில். மே 5இல் சந்தையை மூடினார்கள். வேலை போன சுமைதூக்குவோரும் கடைப் பையன்களும் லாரி ஏறி ஊருக்குப் போனார்கள், அரியலூர், கடலூர், விழுப்புரத்தில் எண்ணிக்கை எகிறியது.

கோயம்பேட்டில் கோளாறு எது? காய்கறி விற்றது இல்லை. மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, வீட்டுக்கு ரெண்டு கிலோ வாங்க வருபவர், மூட்டை இறக்குபவர், வெளி மாநில லாரி டிரைவர், கிளீனர் எல்லோரும் விடியற்காலை ஒரே நடைபாதையில். அதே காய்கறியைச் சென்னைக்கு வெளியே திருமழிசையில் திறந்தவெளியில் விற்றார்கள். மழை பெய்தால் சேறு, அழுகல் நஷ்டம், தூரம் கூடியதால் வண்டி வாடகை. அந்த நஷ்டம் உண்மை. ஆனால் நகரத்துக்குக் காய் வந்தது.

உங்கள் திட்டத்தில் இதை எழுதுங்கள்: மொத்தச் சந்தைக்கு மாற்று மைதானம் நோய் வருவதற்கு முன்பே அடையாளம் காணப்பட்டிருக்க வேண்டும். லாரி திரும்ப இடம், எடைமேடை, விளக்கு, குடிநீர், கழிப்பறை, கழிவு அள்ளும் வண்டி. இறக்கும் நேரம் வேறு, விற்கும் நேரம் வேறு. சில்லறை வாங்க வருபவருக்கு அங்கே அனுமதி இல்லை. அவருக்குத் தள்ளுவண்டி தெருவுக்கே போகட்டும், 2021 மே 24க்குப் பிறகு செய்ததுபோல.

பவர்டேபிள்:

தொழிற்சாலைப் பக்கம் ஒரு விஷயம் விடுபடுகிறது. தொழில்களைப் பட்டியல் போட்டுத் திறப்பது காகிதத்தில்தான் நடக்கும். திருப்பூரில் ஒரு பனியன் வெளியே போக நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஓட வேண்டும். பாதி வேலை ஜாப் ஒர்க்கில், பத்து மிஷின் வைத்திருப்பவரிடம். "ஏற்றுமதி நிறுவனங்கள் இயங்கலாம்" என்று ஆணை வந்து, அட்டைப்பெட்டிக்காரரும் லேபிள்காரரும் பூட்டிக் கிடந்தால் சரக்கு கோடவுனில் நிற்கும். தொற்று அபாயம் வந்தாயிற்று, வருமானம் வரவில்லை. இதுதான் இரண்டு பக்கமும் நஷ்டமான தளர்வு.

2021இல் ஏற்றுமதிக்கு 10 சதவீத ஆட்களோடு மாதிரி அனுப்ப அனுமதி தந்தது நல்ல யோசனை. சாம்பிள் போகாவிட்டால் அடுத்த சீசன் ஆர்டரே வேறு நாட்டுக்குப் போய்விடும். கொஞ்சம் ஆள், பெரிய பலன்.

தொற்று பெரும்பாலும் மிஷின் பக்கத்தில் பரவுவதில்லை என்பதையும் பாருங்கள். விடுதி அறை, கம்பெனி வேன், சாப்பாட்டு நேரம், இந்த மூன்றும்தான். தையல் லைனில் இடைவெளிக் கோடு போட்டுவிட்டு, 12 பேரை ஜன்னல் அடைத்த வேனில் ஏற்றி வந்தால் கோடு எதற்கு? அனுமதிக்கு நிபந்தனையாக மூன்றைப் போடுங்கள்: ஒரே அறைக்காரர்கள் ஒரே ஷிப்ட், ஒரே வண்டி, சாப்பாடு மூன்று பந்தியாக, காய்ச்சல் என்று சொன்னவருக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வாசல் வெப்பமானியைத் தாண்டிவிடுவார்கள்.

வட மாநிலத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வரி. 2020 மார்ச் 24 இரவு நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு பூட்டப்பட்டது. மே மாதம் ரயில் விட்டதும் ஊருக்குப் போனவர்கள், தொழிற்சாலை திறந்த அன்றே திரும்பி வந்துவிடவில்லை. திறப்பு ஆணையை வைத்து உற்பத்தியைக் கணக்கிடாதீர்கள்.

தென்பெண்ணை:

மிகவும் உதவி. அப்படியானால் "எது முதலில்" என்பதற்கு ஒரு அளவுகோல் சொல்ல முடியுமா? வரி வருவாயை வைத்துத்தான் எங்களிடம் அழுத்தம் வரும்.

வரவுசெலவு:

அளவுகோல்: ஒரு நாள் கூலிக்கு எத்தனை மூடிய அறைச் சந்திப்பு. அவ்வளவுதான்.

2020 ஏப்ரல்–ஜூனில் நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் விழுந்தது (முதல் மதிப்பீடு). விவசாயம் 3.4 கூடியது. கட்டுமானம் 50.3 சதவீதம் சரிந்தது. கட்டுமானம் பெரும்பாலும் திறந்தவெளி வேலை, அன்றாடக் கூலி அதிகம், சந்திப்பு குறைவு. முதலில் திறக்க வேண்டியது அது, கூடவே சிமென்ட், கம்பி, ஹார்டுவேர் கடை (பவர்டேபிள் சொன்ன அதே சங்கிலிக் காரணம்). மூடிய அறை, சத்தமான பேச்சு, நீண்ட நேரம், முகக்கவசம் கழற்றும் தேவை: இவை சேரும் இடங்கள் கடைசி. பார், ஏசி கல்யாண மண்டபம், தியேட்டர்.

இந்த அளவுகோலில் நாம் மோசமாகத் தோற்ற இடம் பள்ளிக்கூடம். 2021இல் 27 மாவட்டங்களில் டாஸ்மாக் ஜூன் 14, தியேட்டர் ஆகஸ்ட் 23, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு நவம்பர் 1. தொடக்கப்பள்ளிக் குழந்தை 2020 மார்ச்சிலிருந்து ஏறக்குறைய 20 மாதம் வகுப்பறையைப் பார்க்கவில்லை. அந்த நஷ்டம் எந்தக் காலாண்டு ஜிடிபியிலும் வராது, அதனால்தான் வரிசையில் பின்னால் போனது. வரி வருவாய் அழுத்தம் என்கிறீர்களே, அது இதைத்தான் செய்யும்.

இன்னொன்று: திறந்தாலே வியாபாரம் திரும்பிவிடும் என்று மேலே யாரும் சொல்லவில்லை, ஆனால் வியாபாரச் சங்கங்கள் சொல்லும். 2020இல் டென்மார்க் மூடியது, ஸ்வீடன் பெரும்பாலும் மூடவில்லை. வங்கிக் கணக்குத் தரவுப்படி மக்கள் செலவு டென்மார்க்கில் 29 சதவீதம் விழுந்தது, ஸ்வீடனில் 25. அமெரிக்காவில் கட்டுப்பாடு வேறுபட்ட பகுதிகளின் எல்லைக்கு இருபுறக் கடைகளை ஒப்பிட்டபோது, வாடிக்கையாளர் வரத்து 60 சதவீதம் விழுந்ததில் 7 சதவீதப் புள்ளிதான் சட்டக் கட்டுப்பாட்டால். மிச்சம் பயம். தொற்று ஏறும்போது கடையைத் திறந்து வைத்தால் ஷட்டர் மேலே இருக்கும், ஆள் வரமாட்டான்.

ஆனாலும் தொற்றுக்கணக்கு அவர்களோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியாது. 21 நாள் இடைவெளி என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். 2021இல் அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய், இரண்டு தவணை. 500 ரூபாய் கூலிக்காரருக்கு அது 8 நாள். மிச்ச 13 நாளுக்குக் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் 21 என்று எழுதினால், அந்த ஆணையை மக்களே தளர்த்திக்கொள்வார்கள். இடைவெளி நாளும் நிவாரணத் தொகையும் ஒரே ஆணையில் வர வேண்டும்.

தொற்றுக்கணக்கு:

ஒப்புக்கொள்கிறேன். நிவாரணம் 14 நாளுக்குத்தான் தாங்கும் என்றால் 14 வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்போது ஒரு தடவைக்கு ஒரு துறையை மட்டும் திறக்க வேண்டும். நான்கைச் சேர்த்துத் திறந்தால் எது பரப்பியது என்று தெரியாமல் நான்கையும் மூட வேண்டிவரும்.

தொற்று உறுதி விகிதத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதைக் குறைக்க நோயைக் குறைக்க வேண்டியதில்லை, அறிகுறி இல்லாதவர்களை வரிசையில் நிறுத்திச் சளி மாதிரி எடுத்தால் போதும். காய்ச்சல் முகாமுக்குத் தாமாக வந்தவர்களின் விகிதத்தைத் தனிப் பத்தியாகப் போடுங்கள். அதோடு தினசரி புதிய ஆக்சிஜன் சேர்க்கை.

மூடும் எண்ணைத் திறக்கும் ஆணையிலேயே அச்சடியுங்கள். ஜெர்மனி 2020 மே மாதம் தளர்த்தியபோதே, ஒரு மாவட்டத்தில் 7 நாளில் லட்சத்துக்கு 50 புதுத் தொற்று தாண்டினால் கட்டுப்பாடு திரும்பும் என்று சொல்லித்தான் தளர்த்தியது. கடைக்காரருக்கும் தெரியும், சரக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று.

தென்பெண்ணை:

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு இப்படி வைத்திருக்கிறேன்: "ஒரு தளர்வுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 14 நாள். ஆக்சிஜன் படுக்கை நிரம்பல் 40 சதவீதத்தைத் தாண்டினால், கடைசியாகத் திறந்த துறை 48 மணி நேரத்தில் மூடப்படும். மூடிய நாட்களுக்கான நிவாரணம் அதே ஆணையில் அறிவிக்கப்படும்."

ஏலக்கடை:

"ஆக்சிஜன் படுக்கை" என்பதில் தனியார் ஆஸ்பத்திரியையும் சேர்த்தா, அரசு மட்டுமா என்று எழுதுங்கள். சேர்த்துக் கணக்கிட்டால் 40 காட்டும்போதே அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை நிற்கலாம். அந்த 48 மணி நேரத்திலும் கூட்டம் கூடும். மளிகை, காய்கறி, மருந்துக் கடை எந்த நிலையிலும் மூடாது என்று முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.