தியானம் கற்க எந்த சயாடோவிடம் போவது?

பகோ தம்பி:
வணக்கம். பர்மாவில் பகோ ஊரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கொஞ்ச காலமாக ராத்திரித் தூக்கம் சரியில்லை. விபாசனா என்கிற புத்த தியானம் பழகினால் மனசு அடங்கும் என்று பக்கத்துக் கடை அண்ணன் சொன்னார். சரி என்று விபிஎன் போட்டு ஃபேஸ்புக்கில் தேடினால் ஊர்ப்பட்ட சயாடோக்கள், அதாவது தியானம் சொல்லித்தரும் மூத்த பிக்குகள். ஒருவர் மூக்கு நுனியைப் பார் என்கிறார், ஒருவர் வயிற்றைப் பார் என்கிறார், இன்னொருவர் மனசையே பார் என்கிறார். இதில் ஒருவர் தான் சோதாபன்னர் (ஞானத்தின் முதல் படியை எட்டியவர்) ஆகிவிட்டதாக லைவிலேயே சொன்னார். தனியாக வழிகாட்டுகிறேன், முதலில் தானம் அனுப்பு என்று போன் நம்பரும் போட்டார். அம்மா ஒரு பக்கம் "மதம் மாறப் போறியா?" என்று பிடித்துக்கொண்டார். பர்மிய மொழி நன்றாகப் பேசுவேன், ஆனால் தர்ம உரையில் வரும் பாளிச் சொற்கள் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. யாரை நம்பிப் போவது?

இன்செயின் ராஜா:
எதுக்குத் தம்பி இதெல்லாம்? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ஒரு விளக்கைப் போடுங்க. தூக்கம் தானா வரும்.

தாம்வே தாத்தா:
ராஜா சொல்வது போல விளக்கும் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் அந்த லைவ் ஆளை பிளாக் பண்ணிவிடுங்கள். அடையாத நிலையை அடைந்ததாக ஒரு பிக்கு பொய் சொன்னால் விநயப்படி, அதாவது பிக்குகளுக்கான விதிகளின்படி, அது பாராஜிகம் என்ற மிகப் பெரிய குற்றம், சீவரமே (துறவி உடையே) போய்விடும். உண்மையிலேயே அடைந்திருந்தாலும் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களிடம் சொல்லிக்கொள்வது பாசித்தியம் என்ற சிறிய குற்றம். ஆக, எப்படிப் பார்த்தாலும் அது லைவில் வரக்கூடாத பேச்சு. காசைக் கையால் தொடக்கூடாது என்றும் விதி இருக்கிறது. நடப்பில் எல்லோரும் அவ்வளவு கறார் இல்லை, அதை விடுங்கள். மடத்து ஆபீஸில் தானம் எழுதி ரசீது வாங்கினால் சரி. சொல்லித் தருவதற்கு முன்பே நம்பர் நீட்டுகிறவரிடம் என்ன கற்கப் போகிறீர்கள்?

அம்மாவுக்கு விபாசனா ஆசிரியர் கோயங்காஜி கதையைச் சொல்லுங்கள். மாண்டலேயில் பிறந்த மார்வாடி, ரங்கூன் (இப்போது யாங்கூன்) இந்தியர்களிடையே பெரும் புள்ளி. ஒற்றைத் தலைவலி தாங்காமல், தியானம் சொல்லித்தந்த ஊ பா கின்னிடம் போனார். ஊ பா கின் பிக்கு இல்லை, அரசாங்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல். தலைவலிக்கு வைத்தியம் தேடி வந்தால் இங்கே இடமில்லை என்றுவிட்டார். கோயங்காஜிக்கும் உங்கள் அம்மாவின் பயம்தான், புத்த மதத்துக்கு இழுத்துவிடுவார்களோ என்று. சீலம் (ஒழுக்கம்), சமாதி (மன ஒருமை), பஞ்ஞா (ஞானம்), இதில் எதற்கு உங்கள் இந்து மதத்தில் ஆட்சேபம் என்று ஊ பா கின் கேட்டாராம். என்ன பதில் சொல்வது? 1955-இல் முதல் முகாமில் உட்கார்ந்தார், 1969-இல் இந்தியா போய்ச் சொல்லித்தர ஆரம்பித்தார். (தூக்கத்துக்காகப் போகும் உங்களுக்கும் அந்தத் தலைவலிப் பதில் பொருந்தும். டாக்டரையும் பாருங்கள்.)

மூக்கா வயிறா என்று குழம்ப வேண்டாம். வயிறு எழுவதையும் அமுங்குவதையும் கவனிப்பது மகாசி சயாடோ வழி. மூக்கருகே மூச்சைப் பார்ப்பதில் ஆரம்பித்து உடம்பு முழுக்க உணர்ச்சிகளைப் பார்ப்பது ஊ பா கின் வழி. மனசைப் பார்ப்பது ஷ்வே ஊ மின் மடத்து வழி. மூன்றும் நல்லவைதான், எதையாவது ஒன்றைப் பிடியுங்கள்.

ஆசிரியரை நான் எடைபோடுவது ஒரே ஒரு விஷயத்தை வைத்து: நாம் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாரா? யாங்கூன் பஹானில் மகாசி மடத்தில் தங்கியிருந்தபோது, சயாடோ எதிரில் தரையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்: என்ன எழுந்தது, அதை எப்படிக் குறித்தாய், குறித்ததும் அது என்ன ஆனது. கால் வலித்தது என்றேன். எரிச்சலா, குத்தலா, இறுக்கமா, கவனிக்கக் கவனிக்கக் கூடியதா குறைந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதில் எந்தக் கேள்வியும் ஃபேஸ்புக் உரையிலிருந்து உங்களைப் பார்த்து வராது.

மௌலமைன் அக்கா:
தாத்தா ஆன்லைனை ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். நேரில் ஒருமுறை கற்றுக்கொண்ட பிறகு ஜூமில் சந்தேகம் கேட்பது எனக்கு நன்றாகவே உதவுகிறது, கரண்ட் இருக்கும் நாளில்.

எங்கள் ஊர்ப்பக்கம் பா அவுக் காட்டு மடம் இருக்கிறது. அங்கே சமாதியை ஆழமாக்கிக்கொண்டுதான் விபாசனாவுக்குப் போவார்கள், கடை வைத்திருப்பவருக்கு அவ்வளவு காலம் தங்கத் தோதுப்படாது. யாங்கூனில் ஷ்வேடகோன் பக்கம் தம்ம ஜோதி இருக்கிறது, கோயங்காஜி வழி, 10 நாள் முகாம். முதல் 3 நாள் மூச்சு, 4-ஆம் நாள் விபாசனா. விடியற்காலை 4 மணிக்கு மணி அடித்துவிடும். யோகிகள் (தியானம் பழக வந்தவர்கள்) ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, ஆசிரியரிடம் மட்டும் சந்தேகம் கேட்கலாம். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், உங்கள் தொழிலுக்கு அதுதான் கஷ்டம் :) கட்டணம் கிடையாது, ஒரு முகாமாவது முடித்தவரிடம்தான் தானமே வாங்குவார்கள். கோயங்காஜி உரைகள் தமிழிலும் ஒலிப்பதிவாக இருக்கின்றன, விண்ணப்பிக்கும்போதே தமிழ் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். தூக்க மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

பகோ தம்பி:
ரொம்ப நன்றி. அம்மாவிடம் கதையைச் சொன்னேன். "மார்வாடிக்குத் தலைவலி போச்சா?" என்று மட்டும் கேட்டார். திங்யான் புத்தாண்டு விடுமுறைக்குக் கடை எப்படியும் மூடியிருக்கும், அப்போது போகலாமா?

மௌலமைன் அக்கா:
தலைவலி போய்விட்டது என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். திங்யானுக்கு எல்லா மடமும் நிரம்பி வழியும். இன்றைக்கே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.