சி.சி.ஆர். நாலே வருஷத்தில் உடைந்தது ஏன், தப்பு யார் பக்கம்?

டேப்_ரெக்கார்டர்:
வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாக கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் (சுருக்கமாக சி.சி.ஆர்.) என்ற அமெரிக்க ராக் பேண்டின் பாட்டுகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வியட்நாம் போரைப் பற்றிய படங்களில் ஹெலிகாப்டர் பறக்கும்போது பின்னால் 'ஃபார்ச்சுனேட் சன்' ஓடுமே, அதில் பிடித்துக்கொண்டது. அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, லூசியானா சதுப்புநிலத்தில் படகு ஓட்டி வளர்ந்த ஆட்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் கலிஃபோர்னியாவாம், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் எல் செரிட்டோ என்ற ஊர்! முதல் ஆல்பம் 1968, கடையை மூடியது 1972 அக்டோபர், நடுவில் மொத்தம் 7 ஆல்பம். அப்புறம் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி பல வருஷம் தன் பாட்டையே மேடையில் பாட மாட்டேன் என்று இருந்திருக்கிறார். சண்டை கம்பெனியோடா, கூட்டாளிகளோடா? ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

எல்பி_பைத்தியம்:
நாலு வருஷம் என்பது வெளியே தெரிந்த கணக்கு. ஜான், ஸ்டூ குக், டக் கிளிஃபோர்ட் மூன்று பேரும் 1959-லேயே பள்ளிப் பையன்களாக 'ப்ளூ வெல்வெட்ஸ்' என்ற பெயரில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜானின் அண்ணன் டாம் வந்து சேர்ந்தார், ஆரம்ப காலத்தில் பாடகர் அவர்தான். 1964-ல் ஃபேன்டசி என்ற சின்ன ஜாஸ் கம்பெனி இவர்களை எடுத்துக்கொண்டு, இவர்களுக்கே பிடிக்காத 'காலிவாக்ஸ்' என்ற பெயரை வைத்து சிங்கிள் சிங்கிளாக (ஒற்றைப் பாட்டு ரெக்கார்டுகளாக) விட்டது, ஒன்றும் பெரிதாக ஓடவில்லை. நடுவில் ஜானும் டக்கும் ராணுவ ரிசர்வ் சேவைக்கு வேறு போய்வந்தார்கள். 1967-ல் சால் சேன்ட்ஸ் என்பவர் கம்பெனியை வாங்கினார், புதுப் பெயர், புது ஒப்பந்தம். வினை அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. பாட்டுகளின் உரிமை கம்பெனிக்கு, அதற்கு மேல் வருஷத்துக்கு இத்தனை பாட்டு கொடுத்தாக வேண்டும் என்ற கணக்கு.

அந்த நேரத்தில் அதை யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் வண்டி அப்படி ஓடியது. 1969 ஒரே வருஷத்தில் மூன்று ஆல்பம், ஜனவரியில் 'பேயூ கன்ட்ரி', ஆகஸ்ட்டில் 'கிரீன் ரிவர்', நவம்பரில் 'வில்லி அண்ட் த புவர் பாய்ஸ்'. இன்றைக்கு ஒரு பேண்ட் மூன்று வருஷத்துக்கு ஒரு ஆல்பம் போடுவதற்கே மூச்சு வாங்குகிறது. 1970-ல் வந்த 'காஸ்மோஸ் ஃபேக்டரி' அமெரிக்காவில் 9 வாரம் முதலிடம். ஆனால் சிங்கிள் பட்டியலில் மட்டும் ராசி இல்லை, ஐந்து முறை இரண்டாம் இடம் வரைக்கும் போனார்கள், பில்போர்டு என்ற அமெரிக்கப் பட்டியலில் ஒரு முறைகூட முதலிடம் கிடைக்கவில்லை. 1969-ல் நடந்த வுட்ஸ்டாக் என்ற பெரிய ராக் திருவிழாவிலும் இதே கதை. கிரேட்ஃபுல் டெட் என்ற பேண்ட் இழுத்தடித்து முடித்த பிறகு நள்ளிரவு தாண்டி மேடை ஏறினார்கள், கூட்டத்தில் பாதிப் பேர் தூக்கம். கடுப்பான ஜான், அந்தத் திருவிழாவைப் பற்றிய படத்தில் எங்களைச் சேர்க்காதே என்று சொல்லிவிட்டார். அதனால்தான் அவர்கள் அங்கே பாடியதே பலருக்குத் தெரியாது.

உடைந்த பிறகு நடந்ததுதான் கொடுமை. ஃபேன்டசியிடமிருந்து விடுபட, தன் பழைய பாட்டுகளுக்கு வரவேண்டிய ராயல்டியையே ஜான் விட்டுக்கொடுத்தார். 'ப்ரவுட் மேரி' எங்கே ஒலித்தாலும் காசு சேன்ட்ஸ் பக்கம் போகும் என்றால் எந்த மனுஷன் அதைப் பாடுவான்? 1985-ல் 'சென்டர்ஃபீல்ட்' ஆல்பத்தோடு திரும்பி வந்து முதலிடம் பிடித்தார். உடனே வழக்கு. அதில் இருந்த 'தி ஓல்ட் மேன் டவுன் த ரோடு' என்ற பாட்டு, சி.சி.ஆர். காலத்து 'ரன் த்ரூ த ஜங்கிள்' பாட்டின் காப்பியாம். இரண்டையும் எழுதியது ஜான்தான்! தன்னையே திருடினார் என்று வழக்கு. ஜான் கிட்டாரோடு சாட்சிக் கூண்டில் ஏறி, என் பாணி இப்படித்தான் என்று வாசித்தே காட்டினார், 1988-ல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. வக்கீல் செலவைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 1994-ல் அங்கேயும் ஜெயித்தார், கடைசியில் 13 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. அமெரிக்கப் பதிப்புரிமை வழக்குகளில் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். அதே ஆல்பத்தில் சேன்ட்ஸைக் கிண்டலடித்து ஒரு பாட்டு, அதற்கும் அவதூறு வழக்கு மிரட்டல், தலைப்பில் இருந்த 'சேன்ஸ்' என்பதை 'வேன்ஸ்' என்று மாற்ற வேண்டியதாயிற்று. ஆக, என் கணக்கில் வில்லன் கம்பெனிதான்.

மழைக்குருவி:
எல்பி அண்ணா, வழக்கு விவரமெல்லாம் சரி, ஆனால் பேண்ட் உடைந்தது 1972, வழக்கு அதற்குப் பல வருஷம் கழித்து. உடைந்ததற்கு வழக்கு எப்படிக் காரணமாகும்? ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டது நாலு பேரும்தானே.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், முதலில் பாடகர் அண்ணன் டாம் என்று. தம்பியின் குரல் மேலே வந்ததும் பாடுவது, எழுதுவது, லீட் கிட்டார், தயாரிப்பு, கொஞ்ச நாளில் மேனேஜர் வேலைகூட ஜான் கைக்குப் போய்விட்டது. அண்ணன் ஓரமாக நின்று ரிதம் அடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் சம்பாதிக்கிற தம்பி முன்னால் அண்ணன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1971 தொடக்கத்தில் டாம் கிளம்பிவிட்டார். மீதி இரண்டு பேரும் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்றார்கள். கடைசி ஆல்பம் 'மார்டி க்ரா'வில் மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிப் பாடினார்கள், விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவர்கள் கேட்டார்கள், கொடுத்தேன் என்பது ஜான் கட்சி. எங்களைக் கவிழ்க்க வேண்டுமென்றே தலையில் கட்டினார் என்பது ஸ்டூ, டக் கட்சி. கேட்டுப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஸ்டூவும் டக்கும் நல்ல தாள ஜோடி, பாட்டு எழுதுகிறவர்கள் இல்லை. ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் கூட வாசித்தவர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்று ஜானுக்குத் தெரியவில்லை, அல்லது அக்கறை இல்லை.

பேண்டின் பணத்தை பஹாமாஸில் ஒரு வங்கியில் போட்டு இழந்தது வேறு கதை. டாம் சாகும்வரை சேன்ட்ஸ் பக்கமே நின்றார், 1990-ல் இறந்தார், அண்ணனும் தம்பியும் சரியாகவே இல்லை. 1993-ல் ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பேண்டைச் சேர்த்தபோது ஸ்டூவும் டக்கும் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருக்க, ஜான் அவர்களை விட்டுவிட்டு வேறு ராக் கலைஞர்களான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ராபி ராபர்ட்சனோடு மேடை ஏறி சி.சி.ஆர். பாட்டுகளைப் பாடினார். இதைச் செய்யச் சொன்னது கம்பெனியா?

எல்பி_பைத்தியம்:
1993-க்குப் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜான் பக்கத்திலும் ஒரு காயம் உண்டு, பேண்ட் விஷயங்களில் தங்களுக்கிருந்த ஓட்டுரிமையை அவர்கள் இரண்டு பேரும் சேன்ட்ஸிடமே விற்றுவிட்டார்கள். எதிரியிடம் சாவியைக் கொடுத்த மாதிரி.

ஆறு_கம்பி:
பஞ்சாயத்தை நீங்கள் பாருங்கள், நான் கிட்டார் பக்கம் வருகிறேன். அதே ஊரில், அதே வருஷங்களில் மற்ற பேண்டுகள் ஒரு பாட்டை இருபது நிமிஷம் இழுத்துக்கொண்டிருந்தபோது இவர்கள் இரண்டரை நிமிஷத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள் (முதல் ஆல்பத்து 'சூஸி க்யூ' 8 நிமிஷம் ஓடும், அது தனி). தினமும் ஆபீஸ் போகிற மாதிரி ஒத்திகை. 'காஸ்மோஸ் ஃபேக்டரி' என்பதே அந்த ஒத்திகைக் கொட்டகையின் பட்டப்பெயர்தான், காஸ்மோ என்பது டக்.

எங்கள் கிட்டார் வகுப்பில் முதல் மாதமே 'பேட் மூன் ரைசிங்' வந்துவிடும், மூன்றே கார்டு (சேர்த்து வாசிக்கும் சுரக் கூட்டு). ஆனால் ரெக்கார்டோடு சேர்ந்து வாசித்தால் ஒட்டாமல் என்னவோ மாதிரி இருக்கும். ஜான் அந்தப் பாட்டுக்கு கிட்டாரின் எல்லாக் கம்பிகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கிக் கட்டியிருக்கிறார், அதனால் நாம் E பிடிக்கிற இடத்தில் அவருக்கு D கேட்கும். இது தெரியாமல் இரண்டு வாரம் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன்.

பாதிப்பு என்று கேட்டால், எளிமையாக, சாதாரண ஆட்களைப் பற்றி, சட்டையை மாற்றாமல் மேடை ஏறிப் பாடலாம் என்று காட்டினார்கள். ஸ்பிரிங்ஸ்டீன் இந்தப் பள்ளிதான். 'மினிட்மென்' மாதிரி பங்க் ஆட்களே 1984-ல் ஒரு சி.சி.ஆர். பாட்டைத் தங்கள் ஆல்பத்தில் போட்டார்கள். 'ப்ரவுட் மேரி'யை பாடகி டீனா டர்னர் பாடியது தனி வாழ்க்கை வாழ்கிறது. 1987-ல் ஒரு கிளப்பில் பாப் டிலன், ஜார்ஜ் ஹாரிசனோடு மேடையில் நின்றபோது, நீ பாடாவிட்டால் அதை டீனாவின் பாட்டு என்றே எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள் என்று டிலன் சொல்லித்தான் ஜான் மறுபடி பாடினாராம். அந்த ஜூலை 4-ம் தேதி வாஷிங்டனுக்குப் பக்கத்தில் வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான கச்சேரியில் பழைய பாட்டுகளை முழுசாக எடுத்துவிட்டார்.

டேப்_ரெக்கார்டர்:
அப்பாடா, நான் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது, நன்றி. மழைக்குருவி சொன்ன அண்ணன் தம்பி விஷயம் ஏனோ மனதில் நிற்கிறது. கடைசியில் பாட்டுகள் ஜானுக்குக் கிடைத்ததா இல்லையா? அப்புறம், ஒரு ரெக்கார்டு வாங்கலாம் என்றிருக்கிறேன், எது?

எல்பி_பைத்தியம்:
கிடைத்தது. 2004-ல் கான்கார்ட் என்ற கம்பெனி ஃபேன்டசியை வாங்கியதும் முதல் வேலையாக ராயல்டியைத் திருப்பிக் கொடுத்தது. 2023-ல் பாட்டுகளின் பதிப்புரிமையில் பெரும்பங்கும் ஜான் கைக்கு வந்தது, கையெழுத்துப் போட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 2025-ல், 80 வயதில், மகன்களைக் கூட வைத்துக்கொண்டு பழைய பாட்டுகளை மறுபடி பதிவுசெய்து வெளியிட்டார். குரல் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, பரவாயில்லை.

வாங்குவதென்றால் 'காஸ்மோஸ் ஃபேக்டரி'. தொகுப்புதான் வேண்டுமென்றால் 1976-ல் வந்த 'கிரானிக்கல்'. கச்சேரி ரெக்கார்டு வாங்கப் போனால் மட்டும் அட்டையை நன்றாகப் பாருங்கள். 1980-ல் 'ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி' என்று போட்டு ஒன்றை விற்றார்கள், விற்ற பிறகுதான் அது லண்டனே இல்லை, ஓக்லண்டில் பதிவானது என்று கம்பெனிக்கே தெரியவந்தது, 'தி கான்சர்ட்' என்று பெயரை மாற்றினார்கள். உண்மையான லண்டன் கச்சேரி 2022-ல்தான் வெளிவந்தது. பழைய அட்டையோடு எங்காவது கண்ணில் பட்டால் வாங்கி எனக்குத் தள்ளிவிடுங்கள், நான் ரொம்ப நாளாகத் தேடுகிறேன்.