ராஜபாளையம்னா செவிடாம்! சொன்னவரு வந்து பதில் சொல்லணும்

கரிசக்காட்டான்:
நேத்து ஒருத்தரு எழுதியிருக்காரு, வீட்டுக்கு நாய் எடுத்தா சிப்பிப்பாறை எடுங்க, ராஜபாளையம் எடுத்தா காசு குடுத்து செவிட்டு நாய வாங்குன மாதிரிதான்னு. அதுக்கு அம்புட்டு லைக்கு வேற. படிச்சதுல இருந்து மனசு ஆறல. எங்க தாத்தா காலத்துல இருந்து எங்க வீட்ல ராஜபாளையம்தான். தெருமுக்குல என் வண்டி திரும்புத சத்தத்துக்கே கேட்டுல வந்து நிக்கும். காது கேக்காத நாய்க்கு வண்டி சத்தம் எப்பிடிவே கேட்டுச்சு? 2005ல தபால் துறை நாலு நம்ம நாட்டு நாய்க்கு ஸ்டாம்பு போட்டாவ, இமாலயன் ஷீப்டாக், ராம்பூர், முதோல், ராஜபாளையம். சிப்பிப்பாறைய போட்டாவளா? எழுதுனவரு வந்து பதில் சொல்லட்டும்.

வள்ளியூரான்:
எழுதுனது நாந்தான் அண்ணாச்சி, மாத்த மாட்டேன். ஸ்டாம்புல படம் வந்துட்டா காது கேட்டுருமா? எங்க சித்தப்பா வீட்ல வெள்ள குட்டி எடுத்தாவ, பின்னாடி நின்னு பேரச் சொல்லி கத்துனாலும் திரும்பாது, தொட்டாத்தான் பதறி எந்திரிக்கும். வித்தவரு போனையே எடுக்கல. இதை நான் எழுதக் கூடாதா?

மகராஜநகர்:
அண்ணாச்சிமாரே, நான் நெசமாவே ரெண்டுல ஒண்ணு எடுக்கணும்னுதான் கேக்கேன். வீடு பாளையங்கோட்டைல, முன்னாடி கொஞ்சம் எடம் உண்டு, காம்பவுண்டு சுவர் இடுப்பு உசரந்தான். அம்மாவும் சின்ன பிள்ளையும் பகல்ல தனியா இருப்பாவ. எதை எடுக்க?

கரிசக்காட்டான்:
தம்பி நீங்க கண்ண மூடிட்டு ராஜபாளையம் எடுங்க. காவலுக்கு அதுதான். வள்ளியூரான், ஒரு சித்தப்பா வீட்டு குட்டிய வச்சு ஒரு இனத்தையே செவிடும்பீரோ? என் நாய்க்கு காது கேக்கும். எங்க அப்பா வளத்ததுக்கும் கேட்டுச்சு. இதுக்கு பதில் சொல்லிட்டு மத்ததப் பேசும்.

ராமையன்பட்டி:
நான் கால்நடை மருத்துவம் படிக்கேன். ரெண்டு பேரு சொல்லுததுலயும் பாதி இருக்கு. எல்லா ராஜபாளையமும் செவிடு கெடையாது, ஆனா அந்த வெள்ள நிறத்துக்கும் காதுக்கும் தொடர்பு உண்டு. உள்காதுக்கும் நிறமி செல்லு வேணும், அது இல்லன்னா குட்டி பிறந்து சில வாரத்துக்குள்ள அங்க உள்ள சத்தத்த உணருத செல்லு செத்துப் போவும், பொறவு திரும்ப வராது. டால்மேஷன் நாய்லயும் இதே பிரச்சினதான். கலர் குட்டி விழுந்தா ஒதுக்கிட்டு வெள்ளையையே வெள்ளையோட, அதுவும் சொந்தத்துக்குள்ளயே சேத்துக்கிட்டு வந்தா இந்தக் காதுப் பிரச்சின அதிகமாத்தான் ஆவும். கைதட்டிப் பாத்து முடிவு பண்ணாதீங்க, காத்து அசைவுக்கும் தரை அதிர்வுக்கும் குட்டி திரும்பிரும். இன்னொண்ணு, ஒரு காது மட்டும் கேக்காத நாயப் பாத்தா வித்தியாசமே தெரியாது, ஆனா அதுக்குப் பொறக்குற குட்டிக்கு வரலாம். ஒவ்வொரு காதுலயும் தனித்தனியா சத்தம் விட்டு மூளைல வர்ற மின் அலையப் பாக்குத டெஸ்ட் இருக்கு, அதுதான் உறுதி.

கரிசக்காட்டான்:
எங்க தாத்தா எந்த டெஸ்ட் எடுத்தாரும்மா? ராத்திரி தோட்டத்துல பன்னி எறங்குனா மொதல்ல கொரைக்கது எங்க நாய்தான். புஸ்தகத்துல ஆயிரம் இருக்கும். என் நாய்க்கு காது கேக்கும்.

வள்ளியூரான்:
படிக்க பிள்ளை நான் சொன்னதத்தான் சொல்லுது, பாத்தீங்களா. வெள்ளைன்னா செவிடு.

ராமையன்பட்டி:
நான் அப்படி சொல்லல. தயவுசெஞ்சு ஒழுங்கா படிங்க.

மானூர்_கன்னி:
ரெண்டையும் விடுங்க, கன்னி எடுங்க. கருப்பு உடம்பு, கால்லயும் கண்ணு மேலயும் செம்மண் நிறம், பாக்கவே அம்சமா இருக்கும். 2020 ஆகஸ்ட்ல பிரதமர் ரேடியோல பேசும்போதே ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைனு தனித்தனியாத்தான் சொன்னாரு.

வள்ளியூரான்:
கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரே நாய், கலருதான் வேற. ஹரியானா கர்னால்ல கால்நடை இனங்களப் பதிவு பண்ணுத மத்திய நிறுவனம் நாய் இனம்னு மொதல்ல பதிவு பண்ணது ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூணுதான். அதுல கன்னி எங்க?

மானூர்_கன்னி:
பதிவு இல்லன்னா நாயே இல்லையா? எங்க ஊர்ப் பக்கம் பொண்ணுக்கு சீரா குடுத்து அனுப்புன நாய் அது. ஒரே நாயாம்ல! போன தடவையும் இதே வாய்த்தகராறு பண்ணிட்டு ஓடிப் போனீரு, நான் மறக்கல.

கரிசக்காட்டான்:
வள்ளியூரான், நீங்களே உங்க வாயால ராஜபாளையம் மொத மூணுல ஒண்ணுன்னு ஒத்துக்கிட்டீரு. செவிட்டு நாயவா கவர்மெண்டு பதிவு பண்ணும்? உங்க சிப்பிப்பாறைய பத்தியும் சொல்லட்டா? முயல கண்ணால பாத்து வெரட்டுத நாய் அது, ஓடுத கோழியக் கண்டா நிக்காது, இடுப்பு உசர சுவரு அதுக்கு ஒரு தாண்டு. எலும்பும் தோலுமா நிக்கதப் பாத்து பக்கத்து வீட்டுக்காரன், நாய்க்கு கஞ்சி ஊத்துதீங்களா இல்லையான்னு கேப்பான்.

வள்ளியூரான்:
அதோட உடம்புவாகே அப்படி, விலா தெரியணும். நாய் தெரிஞ்சவனுக்கு அது தெரியும். கேப்பக்கூழும் மோரும் ஊத்துனா போதும், நம்ம ஊரு வெயில தாங்கும். ராஜபாளையத்துக்கு தோலே ரோஸ் கலரு, சித்திர வெயில்ல மூக்கு வெந்து போவும். செவிடு, அதுக்கு மேல வெயிலும் ஆவாது.

மகராஜநகர்:
சுவர ஒசத்திட்டா சிப்பிப்பாறை வீட்ல நிக்குமா? சின்ன பிள்ள இருக்குன்னு சொன்னேன், அதுக்கு யாருமே ஒண்ணும் சொல்லல.

ராமையன்பட்டி:
ரெண்டும் ஒருத்தர்ட்ட ஒட்டுத நாய், அந்நியர்ட்ட சட்டுனு பழகாது. பிள்ளையோட தனியா விடாதீங்க. தெனமும் காலைலயும் சாயந்திரமும் நல்லா ஓட விட ஆள் இருக்கான்னு மொதல்ல யோசிங்க, நாள் முழுக்க சங்கிலில கெடந்தா எந்த நாயும் கடிக்கத்தான் செய்யும். ராஜபாளையம் எடுத்தா தாய், தகப்பன் ரெண்டையும் நேர்ல பாருங்க, நீலக் கண்ணு இருந்தா காது விஷயத்துல கூடுதலா யோசிங்க. எட்டு வாரத்துக்கு முன்னாடி குட்டிய வாங்காதீங்க.

கரிசக்காட்டான்:
எங்க நாய்க்கு நீலக் கண்ணு கெடையாது. காது கேக்கும். சித்திர வெயிலுக்கு வேப்பமர நெழல்ல கெடக்கும், மூக்கு வேவல. வேணும்னா சங்கரன்கோயில் வாங்க, கூப்புட்டுக் காட்டுதேன்.

மானூர்_கன்னி:
சங்கரன்கோயிலு 2019லயே தென்காசி மாவட்டம் ஆயாச்சு அண்ணாச்சி. ராஜபாளையமோ விருதுநகர் மாவட்டம். நெல்லைக்காரன் வீட்டு நாய்க்கு நீங்க எதுக்கு இம்புட்டு சண்ட போடுதீங்க?

கரிசக்காட்டான்:
கோடு போட்டது கவர்மெண்டு, எங்க ரேஷன் கார்டுல ரொம்ப நாளா திருநெல்வேலின்னுதான் இருந்துச்சு. என்னைய நெல்லைக்காரன் இல்லம்பீரா? இது நாய்ப் பேச்ச விட பெரிய பேச்சு, இதுக்கு நீரு பதில் சொல்லியே ஆவணும். வள்ளியூரான், நீரும் எங்கயும் போயிராதீரும், அந்த சித்தப்பா யாருகிட்ட குட்டி வாங்குனாருன்னு இன்னும் சொல்லல.

வள்ளியூரான்:
சொல்ல மாட்டேன். செவிடு செவிடுதான்.