ஒரே மிடி டிராக்கில் மூன்று சின்த்: கடைசியில் இருப்பது மட்டும்தான் கேட்கிறது

கேட்டவர்:
வணக்கம். ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். ஒரே வாசிப்பை மூன்று சின்த் (கணினிக்குள் ஒலியை உருவாக்கும் பிளக்-இன் கருவிகள்) சேர்ந்து வாசிக்க வேண்டும்: எலக்ட்ரிக் பியானோ, அதற்கு அடியில் மெத்தென்று நீண்டு ஒலிக்கும் ஒரு பேட், கீழ்ப்பகுதிக்குத் தடிமனாக ஒரு பேஸ். இதுவரை மிடி கிளிப்பை (ஒலி அல்ல, எந்த நோட் எப்போது என்ற குறிப்பு) மூன்று டிராக்கில் காப்பி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். பிரச்சினை என்னவென்றால், ஒரு நோட்டை நகர்த்தினால் மற்ற இரண்டிலும் போய் அதையே செய்ய வேண்டும், நேற்று மறந்துவிட்டேன், பேட் மட்டும் பழைய கார்டிலேயே நின்றுகொண்டிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

சரி என்று மூன்றையும் ஒரே டிராக்கின் எஃபெக்ட் வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டேன். கடைசியில் இருக்கும் பேஸ் மட்டும் கேட்கிறது. அதை அணைத்தால் பேட் வருகிறது, பியானோவைக் காணவே காணோம். என்ன செய்ய?

முதல் பதில்:
மூன்றுக்கும் மிடி சேனல் 1, 2, 3 என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள் ப்ரோ, முடிந்தது.

இரண்டாவது பதில்:
மேலே சொன்னது தலைகீழ். மிடியில் 16 சேனல் வைத்திருப்பதே ஆளுக்கு ஒரு பாட்டு வாசிக்கத்தான். இவருக்கு வேண்டியது மூன்று பேரும் ஒரே பாட்டை வாசிப்பது. அதனால் மூன்று சின்தும் ஒரே சேனலைக் கேட்க வேண்டும், அல்லது எல்லாச் சேனலையும் கேட்கும்படி விட வேண்டும். பிரித்துக் கொடுத்தால் ஒன்றுதான் பேசும், மற்ற இரண்டும் ஊமையாகிவிடும்.

நண்பரே, உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். வரிசையில் இரண்டு சமாச்சாரம் மேலிருந்து கீழே போகிறது, மிடி ஒன்று, ஒலி ஒன்று. சில சின்த் தனக்கு மேலே உருவான ஒலியோடு தன் ஒலியைச் சேர்க்காது, அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதிவிடும். வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்கும் வசதி உள்ள சின்துகளில் இது அதிகம். இன்னும் சில, மிடியை வாங்கித் தானே வைத்துக்கொண்டு கீழே விடாது. உங்கள் கதையில் கீழே இருப்பது ஒலிக்கிறது, மேலே இருப்பதுதான் காணாமல் போகிறது. அப்படியானால் மிடி ஒழுங்காகவே போகிறது, ஒலிதான் அழிகிறது. பிளக்-இன் ஜன்னலின் மேலே ‘2 இன் 2 அவுட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அதில் இரண்டாவது சின்தை 3/4க்கும் (அதாவது டிராக்கின் 3, 4ஆம் ஒலிச் சேனல்களுக்கு) மூன்றாவதை 5/6க்கும் திருப்பி, கடைசியில் எல்லாவற்றையும் 1/2க்குள் கலந்து எடுக்கலாம். நான் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் எது எங்கே போகிறது என்று எனக்கே புரியவில்லை, விட்டுவிட்டேன்.

சுலபமான வழி இது. ஒரு டிராக்கில் மிடி மட்டும் வையுங்கள், அதில் சின்தே வேண்டாம். சின்துக்கு ஒன்றாக மூன்று டிராக் தனியாகத் திறந்து, மிடி டிராக்கிலிருந்து மூன்றுக்கும் செண்டு (ஒரு டிராக்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் இணைப்பு) போடுங்கள். செண்டில் ஆடியோ இருக்கும் இடத்தில் ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்று வைத்துவிட்டு மிடியை மட்டும் விடுங்கள். நோட்டைத் திருத்தும் இடம் ஒன்றே ஒன்று. வால்யூம், ஈக்யூ, ரிவெர்ப் எல்லாம் மூன்றுக்கும் தனித்தனி.

ஒரு எச்சரிக்கை: மிடி டிராக்கையே ஃபோல்டராக்கி, சின்த் டிராக்குகளை அதற்குள் தள்ளாதீர்கள். உள்ளே இருப்பது தாய் டிராக்குக்கு ஒலியை அனுப்பும், தாய் உள்ளே செண்டு போடும், வட்டமாகிவிடும், ரீப்பர் அதை விடாது. மூன்றையும் சேர்த்து ஒரே ஃபேடரில் பிடிக்க வேண்டும் என்றால் அவற்றுக்கு வேறு ஃபோல்டர் வையுங்கள், மிடி டிராக் வெளியே நிற்கட்டும்.

கேட்டவர்:
அண்ணா, மூன்றும் கேட்கிறது! ஆனால் இரண்டு புதுத் தலைவலி. கீபோர்டில் வாசித்தால் பியானோ ஒரு மாதிரி உலோகக் குழாய்க்குள் போட்டது போல ‘சுய்ங்’ என்று வருகிறது, பதிவானதை ஓடவிட்டால் நன்றாக இருக்கிறது. அடுத்தது, நான் கார்டு பிடித்தால் பேஸும் அதே நாலு நோட்டையும் வாசித்துச் சேறாக்குகிறது.

இரண்டாவது பதில்:
முதலாவதற்கு: பியானோ டிராக்கிலும் ரெக்கார்டு சிவப்பு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் கீபோர்டிலிருந்து நேராக ஒரு நோட், செண்டு வழியாக இன்னொரு நோட், அதே சின்துக்கு இரண்டு தடவை போகிறது. ஒரே ஒலி ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அந்தக் குழாய்ச் சத்தம்தான் வரும். மிடி டிராக்கில் மட்டும் சிவப்பு எரிய வேண்டும், மானிட்டர் (வாசிக்கும்போதே கேட்கும் வசதி) ஆனில் இருக்க வேண்டும். சின்த் டிராக்குகளுக்கு இரண்டுமே தேவையில்லை.

இரண்டாவதற்கு: பேஸ் டிராக்கில் சின்துக்கு மேலே ஒரு நோட் ஃபில்டர் போடுங்கள், ரீப்பருடனேயே வருகிறது. 48க்கு மேலே எதையும் விடாதே என்று வைத்தால் இடது கைக் கீழ் நோட் மட்டும் போகும். நோட்டை எண்ணால் பாருங்கள், பெயரால் பார்க்காதீர்கள். நடு சி என்பது 60, ஆனால் ஒரு கம்பெனி அதை சி3 என்கிறது, இன்னொன்று சி4 என்கிறது, அந்தக் குழப்பத்தில் ஒரு ஆக்டேவ் தள்ளிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது பதில்:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும், வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்காக. ஏபிள்டன் லைவில் இன்ஸ்ட்ருமென்ட் ராக் போட்டு, ஒவ்வொரு சின்தையும் ஒரு செயினில் வைத்தால் போதும், கீ எல்லை, வெலாசிட்டி (கீயை அடிக்கும் வேகம்) எல்லை எல்லாம் அங்கேயே இருக்கிறது. லாஜிக்கில் சம்மிங் ஸ்டாக், அதன் தலைமை டிராக்கில் மிடியை வைத்தால் உள்ளே உள்ள அத்தனையும் வாசிக்கும். எஃப்எல் ஸ்டுடியோவில் லேயர் என்றே ஒரு சேனல் உண்டு. ஸ்டுடியோ ஒன்னில் மல்டி இன்ஸ்ட்ருமென்ட்.

அப்புறம் பிட்ச் வீலைத் தொடுகிற பழக்கம் இருந்தால் மூன்று சின்திலும் பெண்ட் எல்லை (வீலை முழுதும் தள்ளினால் சுருதி எவ்வளவு நகரும் என்பது) ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில் 2 செமிடோன், இன்னொன்றில் 12 என்றிருந்தால் வீலைத் தள்ளும்போது ஒருவர் மாடிக்கும் மற்றவர் திண்ணைக்கும் போவார்கள்.

கேட்டவர்:
சிவப்புதான் எரிந்துகொண்டிருந்தது, மூன்றிலும். வெட்கமாக இருக்கிறது. நோட் ஃபில்டரும் வேலை செய்கிறது.

இப்போது வேறொன்று. கீழே அதே சி நோட்டை நாலு தடவை அடித்தால் ஒரு தடவை நெஞ்சில் இடிக்கிறது, அடுத்த தடவை காற்றுப் போன பலூன். மூன்றாவது தடவை பரவாயில்லை. வெலாசிட்டி எல்லாவற்றுக்கும் 100 என்று நானே கையால் போட்டேன், அதனால் விரல் மேல் பழி போட முடியாது. பேஸை மட்டும் சோலோ போட்டால் ஒழுங்காக இருக்கிறது. பெடல் மிதித்தால் பேட் கார்டு மேல் கார்டாகக் குவிகிறது, அது தனிக்கதை.

இரண்டாவது பதில்:
சோலோவில் ஒழுங்கு, சேர்ந்தால் கோளாறு என்றால் ஃபேஸ், அதாவது அலைகளின் ஏற்ற இறக்கம் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பல சின்தில் ஆஸிலேட்டர் (அலையை உருவாக்கும் பகுதி) நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் கீயை அமுக்கும் நேரத்தில் அலை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து கிளம்பும். பியானோவின் கீழ் ஒலியும் பேஸின் கீழ் ஒலியும் ஒரே உயரத்தில் சேர்ந்து எழுந்தால் 6 டெசிபல் கூடும், எதிரெதிராக வந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஒவ்வொரு அடிக்கும் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதனால் கீழ்ப்பகுதியை ஒருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். பியானோவிலும் பேடிலும் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டிவிடுங்கள். தனியாகக் கேட்டால் பியானோ மெலிந்து தெரியும், பயப்படாதீர்கள், மூன்றையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். பேஸ் சின்தில் ஃபேஸ் ரீசெட் அல்லது ரீடிரிகர் என்று ஏதாவது இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள்.

பேஸில் டிடியூன் (ஆஸிலேட்டர்களைக் கொஞ்சம் சுருதி விலக்கி வைப்பது) வைத்திருக்கிறீர்களா? 440 ஹெர்ட்ஸில் 5 சென்ட் (ஒரு செமிடோனின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தள்ளினால் விநாடிக்கு ஒன்றேகால் அலையடிப்பு, கேட்க அழகு. அதே 5 சென்ட் 110 ஹெர்ட்ஸில் மூன்று விநாடிக்கு ஒரு தடவைதான் ஏறி இறங்கும், நோட் நீளமாக இருந்தால் நடுவில் பேஸ் காணாமல் போய்த் திரும்பி வரும்.

பெடல் மிடியில் கண்ட்ரோலர் 64. பேட் டிராக்கில் சின்துக்கு முன்னால் அதை மட்டும் தடுத்துவிடுங்கள். பேடுக்குத் தனக்கென்றே நீண்ட ரிலீஸ் (கீயை விட்டபின் ஒலி அடங்கும் நேரம்) இருக்கிறது, பெடலும் சேர்ந்தால் அது எதையும் கைவிடாது.

கேட்டவர்:
டிடியூன் 7 சென்ட் இருந்தது, பூஜ்யமாக்கினேன். பியானோவை 180க்குக் கீழே வெட்டினேன். நாலு அடியும் நாலு அடியாக விழுகிறது. பெடலில் 64ஐத் தடுத்ததும் கார்டு மாறும் இடம் சுத்தமாகக் கேட்கிறது, உண்மையில் அதுதான் பெரிய வித்தியாசம், நான் இத்தனை நாள் பேடைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றும் ஓடும்போது 256 பஃபரில் (கணினி ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள் ஒலியைத் தயார் செய்கிறது என்பது) படபடவென்று வெடிக்கிறது. 1024க்கு ஏற்றினால் விரலுக்கும் ஒலிக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகலாம். பேடையும் பேஸையும் ஆஃப்லைன் செய்துவிட்டுப் பியானோவை மட்டும் வைத்து வாசித்துப் பதிகிறேன், பிறகு பஃபரை ஏற்றி மூன்றையும் ஓடவிடுகிறேன். இது சரிதானே?

இரண்டாவது பதில்:
சரிதான். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 என்றால் பஃபர் மட்டுமே 23 மில்லிவிநாடி, அதோடு யாராலும் வாசிக்க முடியாது. எந்த லேயர் முடிவாகிவிட்டதோ அதை ஃப்ரீஸ் செய்தால் (சின்தை நிறுத்தி ஒலியாகவே பதிந்து வைத்தால்) இன்னும் லேசாகும். மிடியைத் திருத்தினால் மறுபடி அன்ஃப்ரீஸ் செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் பேட் பழைய கார்டிலேயே நிற்கும், உங்களுக்குத்தான் அந்த அனுபவம் ஏற்கெனவே இருக்கிறதே.