குழி உளிக்குச் சாணை பிடிக்க வீட்டிலேயே ஒரு சட்டம்

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சிறு கடைசல் இயந்திரம் வைத்துக் கிண்ணம் கடைந்து பழகுகிறேன். கிண்ணம் குடையும் குழி உளியைக் கையால் பிடித்துச் சாணை தீட்டும்போது, ஒவ்வொரு முறையும் முனையில் வேறு சரிவு விழுகிறது. கைவசமுள்ள ஒட்டுப்பலகையில் பிடிமானச் சட்டம் செய்துகொள்ள முடியுமா? சாணைச் சக்கரம் 8 அங்குலம்.

மறுமொழி 1:
தாராளமாக முடியும். சக்கரத்திற்குக் கீழே முன்னும் பின்னும் நகரும் கட்டை ஒன்றைப் பொருத்தி, அதன் நுனியில் 'வி' வடிவப் பள்ளம் வெட்டுங்கள். முரட்டு உளிக்கு (மரக்கட்டையை முதலில் உருளையாக்கும் உளி), கைப்பிடியின் அடியை அப்பள்ளத்தில் ஊன்றி உருட்டினாலே 45 பாகைச் சரிவு சீராக அமையும். குழி உளிக்கு இது போதாது; அதன் பக்கங்களையும் தீட்ட வேண்டியிருப்பதால், உளியை இறுக்கிப் பிடிக்கும் கவ்வியும், அதிலிருந்து சாய்வாக இறங்கிப் பள்ளத்தில் ஊன்றி இடவலமாக ஆடும் காலும் தேவை. கவ்விக்கு வெளியே உளி நீளும் அளவு (நான் வைப்பது 45 மில்லிமீட்டர்) மாறவே கூடாது. அதற்கென மேசையில் ஒரு தடுப்புக்கட்டையை ஆணியடித்துவிடுங்கள். என் அனுபவத்தில் சட்டத்தைவிட அந்தக் கட்டையே முக்கியம்.

மறுமொழி 2:
சக்கரம் தேயத் தேயச் சரிவும் மாறும் என்பதால், சரிவில் மைப்பேனாவால் பூசி, சக்கரத்தைக் கையால் சுற்றி, மை முழுவதும் அழிகிறதா என்று பார்த்தபின் மின்விசையைப் போடுங்கள். சாணைப்பொறி மரச்சுருளில் விழுந்தால் தீப்பற்றும்; முதலில் தரையைப் பெருக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம்.

கேட்டவர்:
நன்றி. என் உளிக்கு 55 பாகை வைக்கலாமா?

மறுமொழி 1:
வைக்கலாம். ஆழமான கிண்ணத்தின் அடிப்பகுதிக்கு மட்டும் 60 பாகைக்கு மேல் மழுங்கலாக இருப்பது வசதி.